சுரங்கச் சாலைக்கு எது பொருந்தும்: கழிவுப் பாறையா, கிராவலா, மருந்துத் தெளிப்பா, தாரா?

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் சாலை போடவிருக்கும் இளம் பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வெட்டி எடுக்கும் பாறையையே கொட்டி உருட்டிவிடலாமா, வெளியிலிருந்து நல்ல கிராவல் கொண்டுவரலாமா, புழுதிக்கு மருந்து தெளித்தால் போதுமா, ஒரேயடியாகத் தார் போட்டுவிடலாமா?" கேட்கும்போதே கையில் ஒரு கணக்குத் தாள் இருக்கும். சாலை போடும் செலவு அதில் துல்லியமாக இருக்கும். பராமரிக்கும் செலவு தோராயமாக இருக்கும். சாலையைப் பெயர்த்து நிலத்தை மீட்கும் செலவுக்கான வரி பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

அந்தக் காலி வரியிலிருந்துதான் முடிவைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். மூடப்பட்ட சாலை ஒன்றின் மேல், அடியிலிருந்த இறுகிய தளத்தைக் கிழிக்காமலே ஒரு சாண் வளமண்ணைப் பரப்பி விதை தூவியிருந்தார்கள். முதல் மழைக்கு இருபுறமும் புல் எழுந்தது. சாலை ஓடிய தடத்தில் மட்டும் வழுக்கைக் கோடு போல ஒரு பட்டை தெரிந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் அந்தப் பட்டையிலேயே தண்ணீர் ஓடி, பரப்பிய வளமண்ணை வழித்துக்கொண்டு போய் ஓடையில் சேர்த்தது. மண்வெட்டியால் கொத்திப் பார்த்தேன். ஒரு விரல் ஆழத்தில் இரும்பில் மோதுவது போல 'ணங்' என்றது. பிறகு டோசரின் ரிப்பர் பல் (தரையைக் கிழிக்கும் இரும்புக் கொக்கி) இறங்கியபோது கதவுப் பலகை அளவுக்குத் தகடு தகடாக மண் பெயர்ந்தது. ஒரே வேலையை இரண்டு முறை செய்தார்கள். போன வளமண் திரும்பி வரவில்லை.

## எந்தச் சாலையைப் பற்றிப் பேசுகிறோம்?

'சுரங்கச் சாலை' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் உலவுகின்றன. குழிக்குள்ளிருந்து டம்பர்கள் எனப்படும் பெருஞ்சுமை லாரிகள் ஏறி வரும் சுமைச் சாலை ஒன்று. அலுவலகம், பட்டறை, நிலக்கரி ஏற்றுமிடம், நீரேற்று நிலையம் ஆகியவற்றைப் பொதுச் சாலையோடு இணைக்கும் அணுகுசாலை மற்றொன்று. 100 டன் சுமக்கும் டம்பர் சுமையோடு நிற்கும்போது மொத்தம் சுமார் 160 டன் எடை இருக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சில் இறங்குகிறது. பொதுச் சாலையில் ஒற்றை அச்சுக்குப் பல நாடுகள் அனுமதிக்கும் சுமையோ 10 டன்னை ஒட்டியதுதான். ஒன்றுக்குச் சரியான விடை மற்றொன்றுக்குத் தவறாக முடிவது இதனால்தான்.

அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சுரங்க மீட்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இந்தப் பிரிவினையை வேறு விதமாகச் செய்கின்றன. நிலக்கரியோ கழிவுப் பாறையோ ஏற்றிச் செல்லும் சாலை, 6 மாதங்களுக்கு மேல் அடிக்கடி பயன்படும் சாலை, சுரங்கம் மூடிய பிறகும் விட்டுவைக்கப்படும் சாலை ஆகிய மூன்றும் அங்கே முதன்மைச் சாலைகள். அவற்றின் வடிகால்கள், 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கப்படும் 6 மணி நேரப் பெருமழையைத் தாங்க வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த மூன்று கேள்விகளை உங்கள் சாலையிடம் கேட்டுப் பாருங்கள். பலர் 'தற்காலிகம்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் சாலை முதன்மைச் சாலையாக இருப்பது அப்போது தெரியவரும்.

## எடை போடும் அளவுகோல்கள்

மீட்பு. நிலம் பிறகு என்னவாகப் போகிறது? காடா, வயலா, மேய்ச்சல் நிலமா? போட்ட பொருளை அங்கேயே விடலாமா, எடுத்துச் செல்ல வேண்டுமா? இதை முதலில் எழுதிவிட்டால் நான்கில் ஒன்றிரண்டு வழிகள் தாமாகவே விலகிவிடும்.

ஆயுள். நிலக்கரி வெட்டும் முகம் நகர நகரச் சாலையும் நகரும். சில மாதங்களில் இடம் மாறும் சாலைக்கும் 15 ஆண்டுகள் நிற்கும் சாலைக்கும் ஒரே மேற்பரப்பு பொருந்தாது.

வண்டி. எடை, அச்சு, நாளொன்றுக்கு எத்தனை நடை. சங்கிலிச் சக்கர டோசர் குறுக்கே போகுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடிமண்ணும் நீரும். வெட்டாத இயற்கை நிலமா, அல்லது குழியை நிரப்பிய கொட்டுமண்ணா? கொட்டுமண் பல ஆண்டுகள் அமிழ்ந்துகொண்டே இருக்கும்.

பராமரிப்புத் திறன். உங்களிடம் கிரேடரும் (கத்தியால் சாலையை மட்டம் செய்யும் இயந்திரம்) தண்ணீர் லாரியும் நாள்தோறும் கிடைக்குமா? கிரேடரை ஓட்டத் தெரிந்தவர் இருக்கிறாரா? காகிதத்தில் இருக்கும் கிரேடர் சாலையைக் காக்காது.

எதைத் தேர்ந்தாலும் மாறாதவை சில உண்டு. இருவழிச் சாலை என்றால் பெரிய வண்டியின் அகலத்தைப் போல மூன்று முதல் மூன்றரை மடங்கு அகலம் வேண்டும். ஏற்றம் 8 முதல் 10 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 முதல் 3 சதவீதச் சரிவு வேண்டும். பள்ளத்துப் பக்கம், பெரிய வண்டியின் சக்கர உயரத்தில் பாதிக்குக் குறையாத பாதுகாப்பு வரப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், வளமண்ணைத் தனியாக வழித்துக் குவிக்க வேண்டும். அதைச் சாலைக்கு அடியில் புதைத்துவிட்டால் மீட்பின்போது எங்கிருந்தும் வாங்க முடியாது.

## வழி 1: கழிவுப் பாறை

நிலக்கரிக்கு மேலே கிடந்ததை வெட்டி எடுக்கிறோம். எப்படியும் எங்காவது கொட்டத்தான் வேண்டும். சாலையில் கொட்டினால் தூரமும் குறையும். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. உறுதியான மணற்பாறை கிடைத்தால் நான் தயங்காமல் அதையே அடித்தளமாகப் போடுவேன்.

ஆனால் நிலக்கரியோடு சேர்ந்து வருவதில் பெரும்பகுதி களிப்பாறையும் ஏடு ஏடாகப் பிரியும் ஷேலும். இவற்றில் பலவும் கல் போல வந்து மண்ணாகப் போகும் இனம். சோதிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. கைப்பிடி அளவுள்ள காய்ந்த துண்டு ஒன்றை ஒரு வாளித் தண்ணீரில் மாலையில் போட்டுவையுங்கள். காலையில் முழுக் கல்லாகக் கிடந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். விளிம்பெல்லாம் உதிர்ந்து அடியில் சேறு தங்கியிருந்தால், அதே கதிதான் சாலைக்கும்.

அடுத்த சோதனை இன்னும் முக்கியம். கருமையான ஷேலில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கலந்திருந்தால், காற்றும் நீரும் பட்டதும் அது கந்தக அமிலத்தை வெளியிடும். மழைநீர் சாலையோர வடிகாலில் துருச் சிவப்பாக ஓடத் தொடங்கினால் விஷயம் கைமீறிவிட்டது என்று பொருள். அமிலமோ நச்சோ உண்டாக்கும் பொருளைச் சாலை மேற்பரப்பில் போடக் கூடாது என்று மேலே சொன்ன அமெரிக்க விதிகள் வெளிப்படையாகவே தடுக்கின்றன. நிலக்கரித் துகள் அதிகம் கலந்த கழிவு தானே சூடாகிப் புகையவும் கூடும்.

மறை செலவு டயரில் இருக்கிறது. கூர்முனைக் கற்கள் டயரை அறுக்கும். பெரிய டம்பரின் ஒரு டயர் போனால், மிச்சம் பிடித்த கிராவல் செலவெல்லாம் அதோடு போய்விடும்.

இதே குடும்பத்தில் ஒரு நல்ல விதிவிலக்கு உண்டு. அமெரிக்காவின் பவுடர் ஆற்றுப் படுகையில் பழங்காலத்தில் நிலக்கரிப் படுகைகள் தாமே எரிந்து, மேலிருந்த பாறையைச் செங்கல் போலச் சுட்டு வைத்திருக்கின்றன. அந்தச் சிவந்த சுட்ட பாறையை அப்பகுதிச் சாலைகளுக்கு நீண்ட காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

பொருந்தும் இடம்: ஓரிரு ஆண்டுக்குள் இடம் மாறும் உட்சாலைகள், எந்தச் சாலைக்கும் அடித்தளம். அமிலச் சோதனையில் தேறிய பாறை என்றால் மீட்பு மிக எளிது. கிழித்து, கலைத்து, மேலே மண் போட்டால் போதும். தேறாத பாறையைப் போட்டிருந்தால் முழுவதையும் தோண்டி எடுத்துப் புதைக்க வேண்டிவரும்.

## வழி 2: கிராவல்

பெரும்பாலான சுரங்கச் சாலைகளுக்கு நான் சொல்லும் விடை இதுதான். ஆனால் 'கிராவல்' என்று லாரியில் வருவதெல்லாம் கிராவல் ஆகிவிடாது. கல் மட்டும் இருந்தால் சாலை அலையலையாக மடிந்து, உதிரிக் கற்கள் ஓரத்துக்கு ஓடிவிடும். களி மிகுந்தால் மழையில் வழுக்கும், வெயிலில் புழுதியாகும். கல்லைப் பிடித்துவைக்கும் அளவுக்குக் களி இருக்க வேண்டும். அதைத் தாண்டக் கூடாது.

அந்த அளவை எண்ணில் சொல்லவும் வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 1990களில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த இரண்டு எண்கள் இன்று பல இடங்களில் பயன்படுகின்றன. முதலாவது: 26.5 மி.மீ. சல்லடையில் இறங்கும் சதவீதத்திலிருந்து 2 மி.மீ. சல்லடையில் இறங்கும் சதவீதத்தைக் கழித்து, 4.75 மி.மீ. சல்லடையில் இறங்கும் சதவீதத்தால் பெருக்கி, 100 ஆல் வகுக்க வேண்டும். விடை 20 முதல் 35க்குள் இருக்க வேண்டும். இரண்டாவது: மண் காயும்போது நீளத்தில் சுருங்கும் சதவீதத்தை, 0.425 மி.மீ. சல்லடையில் இறங்கும் சதவீதத்தால் பெருக்க வேண்டும். விடை 85 முதல் 200க்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டு சோதனைகளைச் செய்யாமல் நூறு லாரி கிராவலுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிராவலின் மறை செலவுகள் இரண்டு. முதலாவது தண்ணீர். 10 கி.மீ. நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள சாலையின் பரப்பு 2 லட்சம் சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1 லிட்டர் வீதம் ஒருமுறை நனைக்கவே 200 கனமீட்டர் தண்ணீர் வேண்டும். வெயில் நாளில் பத்து முறை நனைத்தால் 2,000 கனமீட்டர். 50 கனமீட்டர் கொள்ளும் லாரி என்றாலும் நாற்பது நடை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதில் உப்பு எவ்வளவு என்ற கேள்விகள் பின்னாலேயே வரும். சரிவில் தண்ணீரைக் கொட்டித் தீர்க்கும் ஓட்டுநரையும் கவனியுங்கள். அளவுக்கு மீறிய ஈரம் களியைக் கழுவிக்கொண்டு போகும். ஏற்றத்தில் டம்பர் சறுக்கும். இடைவெளி விட்டு விட்டு நனைப்பது இறக்கங்களில் பாதுகாப்பானது.

இரண்டாவது கிரேடர். இங்கேதான் சிக்கனம் என்ற பெயரில் பெரிய நட்டம் நடக்கிறது. நன்கு பராமரித்த கிராவலில் சக்கரம் உருளும்போது எதிர்க்கும் தடை, வண்டியின் எடையில் சுமார் 2 சதவீதம். தடப்பள்ளமும் உதிரிக்கல்லும் சேர்ந்தால் அது 4 சதவீதம் ஆவதற்கு வெகுநாள் பிடிக்காது. 160 டன் டம்பரைச் சமதளத்தில் நகர்த்த 3.2 டன் இழுவிசை போதும் என்ற நிலை மாறி, 6.4 டன் தேவைப்படும். 8 சதவீத ஏற்றத்தில் மொத்தத் தடை 10லிருந்து 12 சதவீதமாகிறது. எஞ்சினின் திறன் அதேதான், ஆகவே வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. கிரேடருக்குச் செலவிடாத டீசல் எல்லாம் டம்பர் வழியாகப் புகைந்து போகிறது.

கிரேடர் ஓட்டும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். உதிரி மண்ணை இழுத்துப் பள்ளத்தில் நிரப்பிவிட்டால் மாலையில் சாலை அழகாகத் தெரியும். மறுநாள் பத்து மணிக்குள் அந்தப் பள்ளம் அதே இடத்தில் வாயைத் திறக்கும். பள்ளத்தின் அடிவரை வெட்டி, ஈரமாக்கி, மீண்டும் பரப்பி, உருட்ட வேண்டும். அனுபவமுள்ள கிரேடர் ஓட்டுநர் மழை விட்ட அடுத்த நாள் காலையைத் தவறவிட மாட்டார்; மண் அப்போதுதான் கத்திக்கு இணங்கும்.

பொருந்தும் இடம்: டம்பர் ஓடும் நீண்டகாலச் சாலைகள், கிரேடர் வசதி உள்ள இடங்கள், கொட்டுமண்ணின் மேல் போகும் சாலைகள். மீட்பின்போது மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து அடுத்த சாலைக்குக் கொண்டுபோகலாம். இந்த மறுபயன் வேறு வழிகளில் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

## வழி 3: கிராவலின் மேல் மருந்துத் தெளிப்பு

கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு ஆகியவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் புழுதியை அடக்கும் உப்புகள். லிக்னோசல்போனேட், மரக்கூழ் ஆலையின் உபபொருளாக வரும் ஒட்டும் திரவம். பாலிமர்களும் பிட்டுமன் குழம்பும் மேலே ஓடு போலப் படிபவை.

தெளிப்பு எதுவானாலும் மோசமான சாலையை நல்ல சாலையாக்காது. மேற்பரப்புக் கலவை சரியாக இருந்தால் தண்ணீர் நடைகள் வெகுவாகக் குறையும். கலவை தவறாக இருந்தால் பணம்தான் குறையும். கால்சியம் குளோரைடு வேலை செய்யக் காற்றின் ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், எனவே வறண்ட காற்றில் அதை நம்ப முடியாது. உப்பும் லிக்னோசல்போனேட்டும் நீரில் கரைபவை; கனமழை வடிகாலுக்குக் கொண்டுபோய்விடும். பாலிமர் ஓட்டின் மேல் கிரேடர் ஒருமுறை கத்தி வைத்தால் ஓடு போயிற்று.

மறை செலவு வண்டியின் அடிப்பாகத் துருவிலும், பிறகு நிலத்திலும் தெரியும். ஆண்டுக்கணக்கில் குளோரைடு தெளித்த தடத்தில் விதை முளைப்பது கடினம். எனவே இந்த வழியை எடுப்பவர்கள் முதல் நாளே சாலையோர மண்ணின் உப்பளவைச் சோதித்து எழுதிவைக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டும்.

கழிவு எண்ணெயைத் தெளிக்கும் யோசனையை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்ற ஊரில் 1970களின் தொடக்கத்தில் புழுதியை அடக்கத் தெருக்களில் கழிவு எண்ணெய் தெளித்தார்கள். அதில் டையாக்சின் என்ற கொடிய நச்சு கலந்திருந்தது. 1983இல் அரசே அந்த ஊரை விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

பொருந்தும் இடம்: குடியிருப்பு, பள்ளி, வயல் அருகே செல்லும் குறிப்பிட்ட பகுதிகள், தண்ணீர் அரிதான இடங்கள். முழுச் சாலைக்கும் தெளிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

## வழி 4: தார்

டம்பர் ஓடும் சாலைக்குத் தார் பெரும்பாலும் வேண்டாம். அந்த அச்சுச் சுமைக்குத் தேவைப்படும் தடிமன் எட்டாத செலவு. சங்கிலிச் சக்கரம் ஒருமுறை திரும்பினால் பரப்பு பிய்ந்துவிடும். கொட்டுமண்ணின் மேலும் வேண்டாம். அடியில் நிலம் அமிழ அமிழத் தார் வெடிக்கும், வெடிப்பில் நீர் இறங்கும், பிறகு ஒட்டுப் போடுவதே வேலையாகிவிடும்.

நிலக்கரி ஏற்றுமிடத்திலிருந்து பொதுச் சாலை வரை, சட்டப்படியான எடையுள்ள லாரிகள் நாள் முழுக்க ஓடும் அணுகுசாலைக்கோ இதைவிட நல்லது இல்லை. புழுதி எழாது, மழையிலும் வண்டி நிற்காது. சுரங்கத்தை விட்டு வெளியேறும் இடத்தில் சக்கரம் கழுவும் தொட்டியும் தார்ப் பகுதியும் சேர்ந்திருந்தால் பொதுச் சாலையில் கரிச்சேறு படிவது பெருமளவு நிற்கும். ஆனால் சிந்திய நிலக்கரியை உடனுக்குடன் வாரிவிட வேண்டும்; இல்லையென்றால் சக்கரங்கள் அதை அரைத்துக் கரும்புழுதியாக்கிவிடும்.

மீட்பில் இதுதான் மிகக் கனமான வழி. தார்ப் பரப்பை அரைத்து எடுத்து அகற்ற வேண்டும். குழியில் தள்ளி மூடிவிடலாம் என்று யாரும் தாமாக முடிவு செய்யக் கூடாது. அரைத்ததை வேறு சாலைக்குப் பயன்படுத்த முடியும் என்பது ஆறுதல்.

பொருந்தும் இடம்: பத்தாண்டுக்கு மேல் நிற்கும், வெட்டாத நிலத்தில் போகும், சுரங்கம் மூடிய பிறகும் யாரோ ஒருவர் எழுத்துப்பூர்வமாக ஏற்றுக்கொள்ளப்போகும் சாலை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கழிவுப் பாறை | கிராவல் | தெளிப்பு | தார் |
|---|---|---|---|---|
| போடும் செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | கிராவலுக்கு மேல் கூடுதல் | மிக அதிகம் |
| அன்றாடப் பராமரிப்பு | அதிகம் | கிரேடரும் தண்ணீரும் | தண்ணீர் குறையும். மறுதெளிப்பு வேண்டும் | குறைவு. பழுதானால் பெரிய வேலை |
| டம்பருக்கு | குறுகிய காலத்துக்கு | நன்று | நன்று | பொருந்தாது |
| கொட்டுமண்ணின் மேல் | ஆம் | ஆம் | ஆம் | கூடாது |
| மறை செலவு | டயர், அமில நீர் | தண்ணீர், டீசல் | மண்ணில் உப்பு, துரு | வெடிப்பு, அகற்றும் செலவு |
| மீட்பு | பாறை நல்லதானால் எளிது | பொருள் மீண்டும் பயன்படும் | மண் சோதனை கட்டாயம் | கடினம் |

ஒரு சாலை முழுக்க ஒரே வழியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தேறிய கழிவுப் பாறையில் அடித்தளம், மேலே சோதித்த கிராவல், குடியிருப்பு ஓரம் மட்டும் தெளிப்பு, வாயிலிலிருந்து பொதுச் சாலை வரை தார்: பெரும்பாலான சுரங்கங்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது இப்படித்தான் இருக்கும்.

## கடைசித் தேர்வு: எடுப்பதா, விடுவதா?

எடுப்பதென்றால் வரிசை முக்கியம். போக்குவரத்தை நிறுத்துங்கள். கிராவலைச் சுரண்டி எடுங்கள். சிறுபாலங்களையும் குழாய்களையும் பெயர்த்து ஓடை பழைய வழியில் ஓட விடுங்கள். கவனிப்பாரில்லாத குழாய் ஒன்றின் வாயைச் சருகும் கல்லும் அடைத்துவிட்டால், தேங்கும் தண்ணீர் ஒரே இரவில் சாலைக் கரையையே அறுத்துக்கொண்டு போகும். பிறகு ரிப்பரால் ஆழக் கிழியுங்கள், சரிவுக்குக் குறுக்காக, மண் காய்ந்திருக்கும்போது. காய்ந்த மண் நொறுங்கும். ஈர மண்ணில் ரிப்பர் பல் வெண்ணெயில் கத்தி போல ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டுப் போகும். காடு வளர்க்கப்போகும் இடம் என்றால் இன்னும் ஆழம் வேண்டும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிச் சுரங்கங்களில் மரம் வளர்ப்பவர்கள் குறைந்தது 1.2 மீட்டருக்கு இறுக்கமில்லாத மண் கேட்கிறார்கள். அதன் பிறகே வளமண்ணும் விதையும். பரப்பிய மண்ணின் மேல் மீண்டும் வண்டி ஏறக் கூடாது.

இந்த வேலை ஒரு பருவத்தில் முடிவதில்லை. அமெரிக்க விதிப்படி, ஆண்டுக்கு 26 அங்குலத்துக்கு மேல் மழை பெறும் இடத்தில் கடைசி விதைப்புக்குப் பின் குறைந்தது 5 ஆண்டுகளும், அதற்கும் குறைந்த மழை உள்ள இடத்தில் 10 ஆண்டுகளும் நிறுவனத்தின் பொறுப்பு தொடர்கிறது. மீட்பு வேலைக்குப் பிணையாகக் கட்டிய ஈட்டுத் தொகை அதுவரை முழுமையாகத் திரும்பாது. கணக்குத் தாளின் காலி வரியில் முதலில் எழுத வேண்டிய எண் இதுதான்.

விடுவதென்றால், யாருக்காக விடுகிறோம் என்பதைக் கேளுங்கள். தீயணைப்பு வண்டிக்கோ, வயலுக்குப் போகும் டிராக்டருக்கோ, காட்டுக் காவலருக்கோ 5 அல்லது 6 மீட்டர் போதும். டம்பருக்காகப் போட்ட சாலையோ 22 மீட்டர் அகலம். தேவையான பட்டையை மட்டும் நிறுத்தி, வடிகாலையும் சிறுபாலத்தையும் யார் தூர்வாரப்போகிறார் என்பதைக் கையெழுத்தோடு வாங்குங்கள். மிச்சமுள்ள 16 மீட்டரையும் கிழித்து, மண் போட்டு, விதைத்துக் காட்டாமல் 'சாலை ஒப்படைக்கப்பட்டது' என்று கோப்பில் எழுதினால், அதில் கையெழுத்திடாதீர்கள்.